கை வைக்காதே என்கிற சிவப்பு எண்ணெய்

ஓட்டோ கியர் கார் வைத்திருக்கிற எவருக்கும் இந்த அறிவுரை ஒரு நாளாவது கிடைத்திருக்கும்: “நல்லாத்தானே ஓடுது, பிறகேன் நோண்டுறாய்? கியர் ஒயிலை மாத்தினியெண்டா பொக்ஸ் போயிடும்.” சொல்லுகிறவர் வாய்க்கு வந்தபடி கதைக்கிற ஆள் இல்லை. வாகனங்களோடு இருபது முப்பது வருடம் மாரடித்தவர். அவருக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் கார், எண்ணெய் மாற்றிய கையோடு றிவேர்ஸ் எடுக்காமல் நின்றிருக்கும். அந்தக் கதையில் பொய் இல்லை. கதையிலிருந்து அவர் எடுக்கிற முடிவோடுதான் எனக்குச் சண்டை.

என்னுடையது 121 கொரோலா. இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்த இலக்கத்தை விளக்கத் தேவையில்லை. வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: டொயோட்டா 2000 ஆம் ஆண்டில் யப்பானில் இறக்கிய கொரோலா வரிசை அது. என்னிடம் இருப்பது 1500 சிசி எஞ்சினும் நாலு கியர் ஓட்டோவும் உள்ள ரகம். “இருபது வயசு தாண்டின காரை ஏன்ரா இன்னும் கட்டி அழுறாய்?” என்று ரொறொன்ரோவில் இருக்கிற மச்சான் கேட்கிறான். அங்கே இருந்து கேட்கலாம். இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்துவிட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் காரைத் துடைத்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கத்தான் தோன்றும். அதனால் பழைய காரின் கியர்பொக்ஸைக் காப்பாற்றுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. வீட்டுச் செலவுக் கணக்கில் அதற்கும் ஒரு வரி உண்டு.

அந்தச் சிவப்புத் திரவம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். எஞ்சின் ஒயிலுக்குப் பிரதான வேலை, உரசுகிற இரண்டு உலோகத்துக்கு நடுவில் நின்று வழுக்க விடுவது. ஏரிஎஃப் என்கிற ஓட்டோ கியர் எண்ணெய்க்கு வேலை கூட. ஓட்டோவில் கிளச் மிதி இல்லை. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் ரோர்க் கொன்வேர்ட்டர் இருக்கிறது. அதற்குள் ஒரு பக்கத்து விசிறி எண்ணெயைத் தள்ள, தள்ளுப்பட்ட எண்ணெய் மறுபக்கத்து விசிறியைச் சுழற்றும். கார் நகர்வதே இந்த எண்ணெயால்தான். அதே எண்ணெய்தான் வால்வ் பொடியின் மெல்லிய வாய்க்கால்களுக்குள் அழுத்தத்தோடு ஓடி, எந்தக் கியர் விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற வால்வுகளைத் தள்ளுகிறது. போகிற வழியில் சூட்டை அள்ளிக்கொண்டு, ரேடியேட்டருக்குள் இருக்கிற கூலரில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது.

வில்லங்கமான வேலை இனித்தான். உள்ளே இருக்கிற கிளச் தட்டுகளில் காகிதம் போன்ற ஒரு பொருள் ஒட்டியிருக்கும். அவை எண்ணெயில் ஊறியபடியே ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். வழுக்க விடுகிற அதே எண்ணெய், பிடிக்கவும் விட வேண்டும். கியர் விழுகிற அந்தக் கண நேரத்தில் எவ்வளவு வழுக்கிவிட்டு எப்போது இறுகுவது என்பதை, எண்ணெயில் கலந்திருக்கிற உராய்வு மாற்றிகள் என்ற இரசாயனங்கள் பார்த்துக்கொள்கின்றன. சூட்டிலும் ஓட்டத்திலும் முதலில் செத்துப்போவது இவைதான். அவை செத்தால் 50, 60 இல் மெதுவாக மிதித்துப் போகும்போது கிறவல் றோட்டில் ஏறின மாதிரி ஒரு நடுக்கம் வரும். எஞ்சின் மவுண்ட் போய்விட்டது, ரயர் பலன்ஸ் இல்லை என்று பலர் காசைக் கரைப்பது இந்த நடுக்கத்துக்குத்தான். எல்லா நடுக்கத்துக்கும் எண்ணெய் காரணம் இல்லை. ஆனால் மவுண்ட் மாற்றுவதற்கு முன் டிப்ஸ்டிக்கை ஒருக்கால் இழுத்துப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இந்த உராய்வு மாற்றிக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு, கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் மோட்டர்ஸ், ஹைட்ரமற்றிக் என்ற ஓட்டோ கியரை 1939 இன் கடைசியில், 1940 மொடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் விற்கத் தொடங்கியது. பத்து வருடம் கழித்து, 1949 இல், ‘டைப் ஏ’ என்று ஏரிஎஃப்புக்கான முதல் தர வரையறையை வெளியிட்டது. அந்தக் காலத்து எண்ணெய்களில் தட்டுகளை இதமாகப் பிடிக்க வைத்தது எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய். திருகோணமலையிலும் கற்பிட்டியிலும் படகு பிடித்துப் போய்ப் பார்க்கிறோமே, அதே திமிங்கிலம். 1970 இல் அமெரிக்கா அதை அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய்க்காரர்கள் மாற்றுத் தேட வேண்டியதாயிற்று. ஜெனரல் மோட்டர்ஸின் டெக்ஸ்ரொன் 2 என்று வந்த முதல் மாற்று, கூலரின் பற்றுவைத்த இடங்களை அரித்தது. அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்த்த அடுத்த வடிவம் எழுபதுகளின் நடுவில் வந்தது. ஒரே ஒரு கூட்டுப்பொருளை மாற்றியதற்கே இவ்வளவு பாடு. “எல்லாம் சிவப்புத்தானே, எதையும் விடலாம்” என்று சொல்லுகிற கடைக்காரரைக் கண்டால் எனக்கு அந்தத் திமிங்கிலம்தான் ஞாபகம் வரும்.

சிவப்பு வெறும் சாயம். காருக்குக் கீழே ஒழுகியிருந்தால் எஞ்சின் ஒயிலா கியர் ஒயிலா என்று பார்த்தவுடன் தெரியட்டும் என்று கலக்கிறார்கள். எந்தத் தரம் என்பதை அந்தச் சிவப்பு சொல்லாது.

அப்படியென்றால் எதை வாங்குவது? 121க்கு விடை சுலபம், டிப்ஸ்டிக்கிலேயே பொறித்திருக்கிறது: டைப் ரீ-4. டொயோட்டாவின் சொந்தப் பெயரில் யப்பானிலிருந்து நாலு லீற்றர் ரின்னில் வருவது முதல் தெரிவு. விலை கையைக் கடித்தால் போத்தலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் கார் படம், மின்னல், ‘புரோ’, ‘அல்ட்ரா’ எல்லாம் இருக்கும். அவற்றால் எங்களுக்குப் பிரயோசனம் இல்லை. பின்பக்கத்தில் ‘ஜேடபிள்யூஎஸ் 3309’ என்ற இலக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். அது ஐசின் வோர்னர் என்ற யப்பானிய கியர்பொக்ஸ் நிறுவனத்தின் தர இலக்கம். ரீ-4 அந்த வகைக்குள் வருகிறது. மொபிலில் பெயரே ஏரிஎஃப் 3309 என்று ஒன்று இருக்கிறது. ஐசினும் பலவகைக் கியர்ப் பெட்டிகளுக்குமான எண்ணெய் விற்கிறது. எது கிடைத்தாலும் எனக்குச் சம்மதம், போத்தல் அசலாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும். எல்லாம் என்றால் போலியும்தான். அதனால் பாதி விலைக்குக் கிடைக்கிற ‘ஒரிஜினலை’ நான் தொடுவதில்லை. மூடியின் சீலும் ரின்னில் அடித்திருக்கிற எழுத்தும் சரியாக இல்லாவிட்டால் பேசாமல் அடுத்த கடை.

அதிகமாகக் குழப்புவது டபிள்யூஎஸ். டொயோட்டாவின் பிந்திய எண்ணெய் அது. பிரியஸ் 30, அக்குவா போன்றவற்றுக்கு அதுதான். “இது புதுசு, இன்னும் நல்லது, 121க்கும் விடலாம்” என்பார்கள். டபிள்யூஎஸ் ரீ-4ஐ விட நன்றாக மெல்லியது. மெல்லிய எண்ணெய்க்கென்று அளவு பார்த்துச் செய்த புதுப் பெட்டிக்கு அதனால் பெற்றோல் மிச்சம். இருபது வருடத்தில் வால்வும் சீலும் தேய்ந்திருக்கிற பெட்டிக்குள் அதை விட்டால் அழுத்தம் கசியத்தான் வழி. இரண்டையும் ஒன்றுக்குப் பதிலாக ஒன்று பாவிக்கக் கூடாது என்பது டொயோட்டாவின் அறிவுறுத்தலும்கூட. புதியது எப்போதும் பழையதற்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். ஜெனரல் மோட்டர்ஸின் டெக்ஸ்ரொன் 6, 3க்குப் பதிலாகப் பொருந்தும் என்று செய்தவர்களே சொன்னார்கள், அது ஒரு கதை. டொயோட்டாவின் கதை வேறு.

121 இல்லாதவர்களுக்குச் சுருக்கமாக. 110 காலத்துக் கொரோலாப் பெட்டிகளில் பெரும்பாலானவை டெக்ஸ்ரொன் 2 அல்லது 3 கேட்பவை. டெக்ஸ்ரொன் 3க்கு அனுமதி வழங்குவதை ஜெனரல் மோட்டர்ஸ் 2006 ஓடு நிறுத்திவிட்டதால், இப்போது போத்தலில் ‘3க்குப் பொருத்தமானது’ என்று எழுதியிருப்பது தயாரிப்பாளரின் சொந்த வாக்கு மட்டுமே. நம்பிக்கையான பெயராகப் பார்த்து எடுங்கள். பழைய சன்னிகளுக்கு நிஸான் மற்றிக் டி. மிற்சுபிஷி லான்சருக்கு எஸ்பி-3. பல பழைய ஹியுண்டாய்களுக்கும் அதே எஸ்பி-3தான், அவர்கள் மிற்சுபிஷியின் பெட்டித் தொழில்நுட்பத்தை வாங்கிப் பாவித்த காலம் அது. பழைய ஹொண்டாக்கள் கேட்ட இசட்1 நின்றுபோய், அதன் இடத்துக்கு டிடபிள்யூ-1 வந்துவிட்டது. பெல்ட்டில் ஓடுகிற சிவிரி பெட்டி என்றால் இந்தப் பந்தியையே மறந்துவிடுங்கள். அதற்கு அதன் சொந்த எண்ணெய், சாதாரண ஏரிஎஃப்பை விட்டால் உள்ளே பெல்ட் வழுக்கும்.

இனி அந்தப் பயத்துக்கு வருகிறேன். எண்ணெய் மாற்றியதும் பெட்டி போன கதைகளைக் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: “அண்ணை, ஏன் மாத்தினவை? அதுக்கு முதல் எப்பிடி ஓடினது?” பெரும்பாலும் வருகிற பதில்: “கொஞ்சம் இழுவை குறைஞ்சு, கியர் விழ நேரமெடுத்துக்கொண்டு இருந்தது. அதுதான் மாத்துவம் எண்டு...” அங்கேயே விசயம் முடிந்துவிட்டது. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கின்றன. தேய்ந்து விழுந்த தூள் பழைய எண்ணெயில் மிதந்து, வழுக்குகிற தட்டுக்குக் கொஞ்சம் பிடிமானம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும். புது எண்ணெய் வந்ததும் அந்தப் பிடிமானமும் போயிற்று. சாகப்போகிற பெட்டி ஒரு மாதம் முந்திச் செத்தது, பழி புது எண்ணெயின் தலையில் விழுந்தது. ஒருவரும் வருடக்கணக்காக எண்ணெய் மாற்றாததைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

பயத்துக்கு இன்னொரு நியாயமான காரணம், மெஷின் போட்டு ஃப்ளஷ் பண்ணுவது. கூலர் குழாயில் இயந்திரத்தை மாட்டி, பழைய எண்ணெய் முழுவதையும் ஒரேயடியாகத் தள்ளி எடுப்பார்கள். ஒழுங்காகப் பராமரித்த காருக்கு அதில் பிழையில்லை. வரலாறு தெரியாத காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்களிடம் இருக்கிறவற்றில் கணிசமானவை றீகண்டிஷன், மீற்றர் எங்கே எத்தனை தரம் சுற்றப்பட்டது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். வருடக்கணக்கில் படிந்த அழுக்கு ஒரே நாளில் கிளம்பி வால்வ் பொடியின் வாய்க்காலில் போய் மாட்டினால் யாரைக் கேட்பது?

‘ஆயுட்கால எண்ணெய், மாற்றவே தேவையில்லை’ என்பது மறுபக்கத்து மூடநம்பிக்கை. சில ஐரோப்பியக் கார்க் கம்பனிகள் அப்படிச் சொன்னதுண்டு. அந்தக் கார்களில் பலவற்றுக்குப் பெட்டி செய்து கொடுக்கிற ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் என்ன சொல்கிறது என்றால், 80,000 இலிருந்து 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு வருடத்தில், மாற்றுங்கள். யாருடைய ஆயுட்காலம் என்று கேட்டிருக்க வேண்டும் போல.

கொழும்பில் ஓடுகிற காருக்கு நான் 40,000 கிலோமீற்றர் என்று கணக்கு வைத்திருக்கிறேன். பின்னேரம் ஐந்து மணிக்கு பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்குக் காலி வீதியில் வந்து பார்த்தவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். நின்று நின்று நகர்கிறபோது கொன்வேர்ட்டருக்குள் எண்ணெய் அடிபட்டுச் சூடேறுகிறது, ரேடியேட்டருக்கோ எதிர்க்காற்று இல்லை. எண்ணெயைக் கொல்லுகிறது தூரத்தை விடச் சூடு. அதே கார் ஏ9 வழியாக யாழ்ப்பாணம் போய் வந்தால் அத்தனை கிலோமீற்றரிலும் பெட்டிக்கு வருத்தம் குறைவு. கடுகண்ணாவை ஏற்றத்தில் மேலும் கீழும் கியர் மாறி மாறித் தடுமாறினால், ஓவர்டிரைவ் பட்டன் உள்ளவர்கள் அதை அணைத்துவிட்டு ஏறுங்கள். அதற்குத்தான் அந்தப் பட்டன்.

மாற்றுவதற்கு முதல் பார்க்க வேண்டும். 121 இல் சம தரையில் நிறுத்தி, ஓடிச் சூடான எஞ்சினை அணைக்காமல், பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லாக் கியருக்கும் ஒருக்காக் கொண்டுபோய்த் திரும்பப் ‘பி’யில் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். ‘ஹொட்’ என்ற கோடுகளுக்குள் நிற்க வேண்டும். ஹொண்டாக்காரர்கள் இதற்கு நேர்மாறு, எஞ்சினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஒரு சொட்டை வெள்ளை ரிஷுவில் விட்டுப் பாருங்கள். மண்ணிறமாகியிருந்தால் வயது போய்விட்டது, மாற்றலாம். கறுத்து, கருகின மணம் அடித்து, தூளும் தெரிந்து, காரும் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் கை வைக்காதே என்கிற பெரியவர் சொல்வது சரி. எண்ணெய்க்குக் கொடுக்கிற காசைப் பெட்டி கழற்றுவதற்குச் சேர்த்து வையுங்கள். இளஞ்சிவப்பில் பால் கலந்த நிறமாக இருந்தால் ரேடியேட்டருக்குள் கூலர் பிரிந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், இழுத்துக்கொண்டு போங்கள்.

மற்றபடி ஓடுகிற பெட்டிக்கு நான் செய்விக்கிறது இறக்கி நிரப்புகிற முறை. எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கிற கராஜ் பாஸ் ஜக்கில் காரைத் தூக்கி, ஸ்ராண்டில் நிறுத்திவிட்டு, அடியில் இருக்கிற பிளக்கை 10 மில்லிமீற்றர் அலன் சாவியால் கழற்றுவார். ஏறக்குறைய மூன்று லீற்றர் வரும். மிச்சம் கொன்வேர்ட்டரிலும் குழாய்களிலும் நிற்கும், மொத்தம் ஏழு லீற்றருக்குக் கிட்ட. அதனால் ஒரு தரத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் புதிதாகிறது. ஒரு மாதம் ஓடிவிட்டுத் திரும்பச் செய்தால் மூன்றில் இரண்டு. மூன்றாம் தரம் ஐந்தில் நான்குக்கு வந்துவிடும். இந்த அரைகுறைத்தனம்தான் பழைய பெட்டிக்கு நல்லது. அழுக்கு மெல்ல மெல்லக் கரைந்து வெளியே வரும், தட்டுகளும் புது எண்ணெய்க்குப் பழகும். “மூண்டு தரமா? காசைக் கறக்கிறியள்” என்று நான் முதலில் பாஸோடு வாதாடினேன். “சேர், ஒரேயடியா வேணுமெண்டா மெஷின் வைச்சிருக்கிற இடத்துக்குப் போங்கோ, நான் கோவிக்க மாட்டன்” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தபோது மனிதர் சொன்னதில் பிழை இல்லை.

முதல் தரத்தில், அடியில் எண்ணெய் நிற்கிற ‘பான்’ தட்டையும் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே காந்தங்கள் இருக்கும், அவற்றில் சாம்பல் நிறக் களிம்பு படிந்திருக்கும். அது வழக்கமான தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலில் நெருடுகிற துண்டு, மினுங்குகிற சிராய் இருந்தால் பெட்டிக்குள் ஏதோ உடைகிறது. காந்தங்களைத் துடைத்து, வடியையும் கஸ்கெட்டையும் புதிதாகப் போட்டு, பான் ஆணிகளை அளவாக இறுக்க வேண்டும். சின்ன ஆணிகள், நீளக் கைபிடியால் முறுக்கினால் பான் விளிம்பு வளைந்து அங்கேதான் ஒழுகும். கராஜில் பையன்களிடம் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகக் கூடாத இடம் இது.

நிரப்புவது டிப்ஸ்டிக் குழாய் வழியாக, நீளப் புனலால். வந்த எண்ணெயை அளந்து, அதே அளவை விடுங்கள். அளவைச் சொல்லுகிற கடைசி ஆள் டிப்ஸ்டிக்தான். ஒரு லீற்றர் கூட விட்டால் சுழலுகிற பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரை ஆக்கும். நுரைக்குள் இருக்கிற காற்றுக்கு அழுத்தம் பிடிக்காது. குறைந்தாலும் அதே வழுக்கல். டிப்ஸ்டிக் இல்லாத, டபிள்யூஎஸ் காலத்துப் பெட்டிகளுக்கு எண்ணெயின் சூட்டை ஸ்கானரில் பார்த்து வழியவிட்டு மூட வேண்டும். அந்த ஸ்கானர் இல்லாத கராஜில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு பழகின பாஸாக இருந்தாலும் சரி.

மாற்றிய அடுத்த நாள் காலையில் காருக்குக் கீழே ஒரு பழைய பேப்பரை விரித்துவிட்டுப் பாருங்கள். பிளக்கில் புது வொஷர் போடாமல் விட்டிருந்தால் பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும். எந்த எண்ணெய், எத்தனை கிலோமீற்றரில் என்று ஒரு ஸ்ரிக்கரில் எழுதி பொனற்றின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். கழற்றிய பழைய எண்ணெயைக் கானில் ஊற்ற விடாதீர்கள். வெள்ளவத்தைக் கான் வாய்க்காலில் விழுந்து நேரே கடலுக்குத்தான் போகிறது. பழைய ஒயில் வாங்குகிறவர்கள் கராஜுக்கே வருவார்கள், அவர்களுக்கென்று வைத்திருக்கிற பரலில் சேர்த்துவிடச் சொன்னால் போதும்.